ரங்குப்பெட்டியும் ஒரு பின்னறையும்: கிளிநொச்சியில் என் எழுத்துகளை எண்ணிமப்படுத்திய அனுபவம்

கிளிநொச்சி நகரில், ஏ-9 வீதியிலிருந்து பிரியும் ஒரு குறுக்கு வீதியில் அந்தக் கடை இருக்கிறது. முன்பக்கத்தில் போட்டோக் கொப்பி எடுக்கிறார்கள், லமினேற் செய்கிறார்கள், அடையாள அட்டைக்குப் படம் பிடிக்கிறார்கள், பரீட்சை விண்ணப்பங்களைக் கணினியில் நிரப்பிக் கொடுக்கிறார்கள். வன்னியில் எந்தச் சந்தியிலும் காணக்கூடிய கடைதான். பின்னறையில் வேறொரு வேலை நடக்கிறது. பழைய பத்திரிகை நறுக்குகள், கையெழுத்துப் பிரதிகள், கசற்றுகள், நெகிழ்தட்டுகள் (ஃப்ளொப்பி டிஸ்க்) ஆகியவற்றை அங்கே எண்ணிமப்படுத்தி, அதாவது கணினிக் கோப்புகளாக மாற்றித் தருகிறார்கள். கடந்த மாசி மாதத்திலிருந்து சித்திரை முடியும்வரை, 1996 முதல் நான் எழுதியவற்றில் எஞ்சியிருந்த அனைத்தையும் அவர்களிடம் ஒப்படைத்திருந்தேன். பெட்டிக்குள் தாள்களையும் ஒலிநாடாக்களையும் வைத்துக்கொண்டு, அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கும் எழுத்தாளர்களும் ஊடகவியலாளர்களும் கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரும் நம் பகுதியில் பலர் இருப்பதால், அந்தச் சேவையில் எதை நம்பலாம், எதில் கவனமாக இருக்க வேண்டும் என்பதை விரிவாகவே எழுதுகிறேன். கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். இப்போது வந்திருக்கும் வேலையே இரண்டு பேரின் கைக்கு மீறிக் கிடக்கிறதாம். கிளிநொச்சியில் விசாரித்தால் கண்டுபிடிப்பது கடினமில்லை.

நான் என்ன கொண்டுபோனேன் என்று சொல்வதற்கு முதலில் என் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1996ஆம் ஆண்டு வன்னியிலேயே அச்சாகிய ஒரு நாளிதழில் அச்சுப் பிழை திருத்தும் ஒப்புநோக்குநராகச் சேர்ந்தேன். எனது ஊர் முள்ளியவளை. முந்திய வருடம் ஐப்பசியில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்த மக்களில் பெருந்தொகையானோர் கிளாலிக் கடலைக் கடந்து வந்து சேர்ந்திருந்த காலம் அது. பொருளாதாரத் தடையால் பெற்றோலோ பற்றரியோ அச்சுத்தாளோ நினைத்தபடி கிடைக்காது. கோடு போட்ட கொப்பித்தாளில் அச்சடித்தும் பத்திரிகையை வெளியிட்டிருக்கிறோம். பக்கம் முழுவதும் போர்ச் செய்தியாக இருந்த அந்த நாள்களிலேயே, வைகாசி விசாகத்தையொட்டி வரும் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலைப் பற்றி எழுதும்படி ஆசிரியர் என்னை அனுப்பினார். சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோவிலில் அந்த உப்புநீரில் விளக்கெரிப்பதைச் சிறுவயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவள் நான். எனினும் எழுத உட்கார்ந்தபோது, தீர்த்தக்குடத்தைச் சுமந்து வருபவர் யார், எந்தத் தெருவால் வருகிறார், எந்த வீட்டு வாசலில் யார் என்ன கொடுத்து வரவேற்கிறார்கள் என்று எதுவுமே எனக்குத் தெரியவில்லை. மறுநாள் திரும்பிப் போய் ஒவ்வொருவராகக் கேட்டு எழுதினேன். அதுவே பிறகு என் வேலையாயிற்று. முல்லைத்தீவுப் பகுதியில் முல்லைமோடி என்று சொல்லப்படும் முறையில் ஆடப்படும் கோவலன் கூத்து, காத்தவராயன் கூத்து, வயற்காவலில் பாடும் குருவிப்பள்ளும் பன்றிப்பள்ளும், நெல் அறுவடையில் பாடும் அரிவுவெட்டுப் பாட்டு, மதயானையைக் கட்டிய அரியாத்தை நஞ்சூட்டப்பட்டு இறந்த கதையைச் சொல்லும் வேலப்பணிக்கன் ஒப்பாரி ஆகியவற்றைத் தேடிச் சைக்கிளில் அலைந்தேன். ஒரு கட்டுரைக்கு 150 ரூபா தந்தார்கள்.

2002ஆம் ஆண்டு பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்பாடு கைச்சாத்தாகி, சித்திரையில் ஏ-9 பாதை திறந்தபோது என் தொழிலும் மாறியது. யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளும் கொழும்புப் பத்திரிகைகளும் அன்றன்றே கைக்குக் கிடைத்தன. கொழும்பு நாளிதழ் ஒன்றின் ஞாயிறு இதழ் என் கட்டுரைகளை வாங்கிப் பிரசுரித்தது. மின்பிறப்பாக்கி ஓடும் நேரத்தில் மட்டும் இயங்கும் கணினியில், பாமினி எழுத்துருவில் தட்டெழுதி, 1.44 மெகாபைட் கொள்ளும் நெகிழ்தட்டில் பதிந்து, ஓமந்தைச் சோதனைச்சாவடியைக் கடந்து போகும் யாராவது ஒருவரிடம் கொடுத்தனுப்புவேன். 2006 ஆவணியில் பாதை மீண்டும் மூடப்பட்டதோடு அது நின்றுபோனது.

அதன்பின் வந்த இடப்பெயர்வுகளைப் பற்றி இங்கே அதிகம் எழுதப் போவதில்லை. தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று இருப்பிடம் மாறிக்கொண்டே போனபோது, நறுக்குகளும் கசற்றுகளும் இருந்த ரங்குப்பெட்டியைத் தறப்பாளில் சுற்றி விசுவமடுவில் ஒரு மாமரத்தடியில் புதைத்தேன். கையில் கொண்டுபோன ஒரே பொதியில் அடையாள அட்டைகளுடன் 60 நறுக்குகள் வரை இருந்தன. அவை என்னுடன் செட்டிகுளம் முகாம்வரை வந்து சேர்ந்தன. 2011ஆம் ஆண்டு திரும்பிப் போய்த் தோண்டினேன். பெட்டி அங்கேயே இருந்தது. அடியிலிருந்த மூன்றிலொரு பங்கைக் கறையான் தின்றிருந்தது. மேலே இருந்தவை ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. ஆனால் கசற்றுகள் மூடிகளோடு இருந்ததால் பெரும்பாலும் தப்பியிருந்தன.

மீள்குடியேறிய பிறகு இணையத்தில் எழுதத் தொடங்கினேன். வெளிநாட்டிலிருந்து நடத்தப்பட்ட ஒரு செய்தித்தளத்துக்கு 2014 முதல் 2019 வரை வாரம் ஒரு கட்டுரை எழுதினேன். பத்திரிகையில் எழுதிய காலத்தில் கட்டுரை வெளிவந்து ஒரு கிழமை கழித்துத்தான் யாராவது சந்தையில் கண்டு இரண்டு வார்த்தை சொல்வார்கள். இணையத்தில் எழுதியபோது, கட்டுரை வெளியாகி ஒரு மணித்தியாலத்துக்குள் கனடாவிலிருந்து ஒரு அண்ணாவியாரின் மகன் தொலைபேசியில் அழைத்துத் தகப்பனின் பெயரில் நான் விட்ட எழுத்துப் பிழையைத் திருத்தினார். அந்த நெருக்கம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் 2020ஆம் ஆண்டில் ஒருநாள் அந்தத் தளம் திறக்கவில்லை. முகவரியை யாரும் புதுப்பிக்கவில்லை, வழங்கியில் இருந்தவற்றை யாரும் பிரதியெடுத்து வைக்கவுமில்லை. 5 வருட எழுத்தில், இன்டர்நெட் ஆர்க்கைவ் நிறுவனத்தின் வேபேக் மெஷினில் தேடி 41 கட்டுரைகளை மட்டும் மீட்டேன். அவற்றிலும் படங்கள் பெரும்பாலும் இல்லை. மண்ணுக்குள் 2 வருடத்துக்கு மேல் கிடந்த பத்திரிகை நறுக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு தப்பியிருக்க, உலகம் முழுவதும் பார்க்கக்கூடியதாக இருந்த கட்டுரைகளில் பெரும்பகுதி போய்விட்டது என்பதை ஏற்றுக்கொள்ள எனக்குப் பல மாதங்கள் பிடித்தன. 2022ஆம் ஆண்டு டொலர் நெருக்கடியால் தாள் தட்டுப்பாடு வந்து நாட்டின் பத்திரிகைகள் பக்கங்களைக் குறைத்தபோது, அப்போது ஒரு வார இதழில் எழுதிக்கொண்டிருந்த பத்தியும் நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகுதான், புதிதாக எழுதுவதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, எழுதியதைக் காப்பாற்ற வேண்டும் என்ற முடிவுக்கு வந்தேன்.

கடைக்குக் கொண்டுபோனவை 640 நறுக்குகள், 34 முழுப் பத்திரிகைப் பக்கங்கள், 13 கசற்றுகள், 9 நெகிழ்தட்டுகள். உரிமையாளர் முப்பது வயதைக் கடந்த ஒரு பெண். கசற் வேலையைப் பார்ப்பவர் அவருடைய தம்பி. பெட்டியைத் திறந்து காட்டியபோது அவர் விலையைச் சொல்லவில்லை, முதலாவது நறுக்கை எடுத்து மேசையில் வைத்துக் கேட்டார்:

“அக்கா, இது எந்தக் கோயில்? எந்த வருசம்? படத்தில நிக்கிற ஆக்கள் ஆர்?”

“எல்லாம் கட்டுரையிலேயே இருக்கே, தங்கச்சி. ஸ்கான் பண்ணினாக் காணும்.”

“கட்டுரையில கோயில் பேர் இருக்கு. வருசம் இல்லை. படத்துக்குக் கீழ ‘கூத்தர்கள்’ எண்டு மட்டும்தான் போட்டிருக்கு. பேப்பரை மட்டும் எடுத்து வைச்சா, பிறகு வாறவைக்கு இது என்னெண்டு விளங்காது, அக்கா.”

அவர் சொன்னது சரிதான். நான் நறுக்கியபோது பத்திரிகையின் பெயரையும் திகதியையும் பெரும்பாலானவற்றில் விட்டுவிட்டிருந்தேன். எழுதியவளுக்கு நினைவிருக்கும் என்ற நம்பிக்கையில் செய்தது அது; 28 வருடம் கழித்து நினைவில்லை. ஒவ்வொரு நறுக்குக்கும் தலைப்பு, பத்திரிகை, திகதி, ஊர், கலை வடிவம், படத்திலுள்ளவர்கள், குறிப்பு என்று 7 கட்டங்கள் கொண்ட ஒரு படிவத்தை வைத்திருக்கிறார். முதல் 3 கிழமையும் செவ்வாய், வியாழக் கிழமைகளில் போய் அவருக்குப் பக்கத்தில் இருந்து படிவத்தை நிரப்பினேன். அதற்கு அவர் தனியாகப் பணம் கேட்கவில்லை. இந்தச் சேவையின் பெறுமதி முழுவதும் அந்த மேசையில்தான் இருக்கிறது என்று கருதுகிறேன். ஸ்கானர் எந்தக் கடையிலும் உண்டு. ஊரின் பெயரைக் கேட்டு, அது ஒட்டுசுட்டானா ஒலுமடுவா என்று தெளிவாகும்வரை அடுத்த தாளைத் தொடாத ஒருவரை நான் வேறெங்கும் காணவில்லை.

அவருடைய இன்னொரு வழக்கம், நறுக்கின் பின்பக்கத்தையும் கட்டாயம் ஸ்கான் செய்வது. முதலில் அது வீண் வேலை என்றே நினைத்தேன். பணமும் கூடுகிறதே என்று கேட்டதற்கு, பின்பக்கத்துக்குக் காசு இல்லை என்றார். எந்த ஆண்டில் எழுதியது என்று என்னால் சொல்ல முடியாமல் போன ஒரு காத்தவராயன் கூத்துக் கட்டுரை இருந்தது. 1997 என்று நினைத்தேன். 1999 ஆகவும் இருக்கலாம். அதைத் திருப்பிப் போட்டபோது பின்பக்கத்தில் பாதியாக வெட்டுண்ட ஓர் அந்தியேட்டி அழைப்பு இருந்தது. இறந்தவரின் பெயர் வெட்டுப்பட்டுப் போயிருந்தாலும், கிரியை நடக்கும் நாள் “16.08.1998 ஞாயிற்றுக்கிழமை” என்று தெளிவாக இருந்தது. அந்த ஒரு வரியை வைத்துக் கட்டுரை 1998 ஆவணி முற்பகுதியில் வந்தது என்று முடிவுசெய்தோம். இப்படியே மண்ணெண்ணெய் விநியோக அறிவித்தல், பாடசாலை விளையாட்டுப் போட்டி முடிவு, காணாமற்போன மாடு பற்றிய விளம்பரம் ஆகியவற்றிலிருந்து 70க்கும் மேற்பட்ட நறுக்குகளுக்குத் திகதி கிடைத்தது. நான் எழுதிய எதையும்விட அந்தப் பின்பக்கங்களில் அக்கால வன்னி கூடுதலாக இருக்கிறதோ என்றுகூடச் சில வேளை தோன்றியது.

ஸ்கான் தரத்தைப் பற்றிக் குறை சொல்வதற்கு அதிகமில்லை. சாதாரண நறுக்குகளை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவிலும், சிறிய எழுத்தும் படமும் உள்ளவற்றை 600 புள்ளியிலும் எடுக்கிறார்கள். வண்ணத்தில், டிஃப் கோப்பாகச் சேமித்து, வாசிப்பதற்கு வேறாக ஒரு பிடிஎஃப் பிரதியும் தருகிறார்கள். 300 புள்ளியில் ஓர் ஏ4 தாள் சுருக்கப்படாத டிஃப் கோப்பாக ஏறத்தாழ 26 மெகாபைட் வரும். 600 புள்ளியில் அது நான்கு மடங்காகும். ஆகவே சொந்தமாக ஒரு வன்தட்டைக் கொண்டுபோவது அவசியம், பென் ட்ரைவ் காணாது. கறுப்பு வெள்ளையில் எடுத்தால் இடம் மிச்சமாகும் என்று சிலர் சொல்வார்கள், கேட்க வேண்டாம். பத்திரிகைத் தாள் மரக்கூழில் செய்யப்படுவதால் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பாகிவிடும். கறுப்பு வெள்ளையில் அந்தப் பழுப்பும் எழுத்தும் ஒன்றாகிக் கறையாகிவிடுகின்றன. வண்ணத்தில் எடுத்தால் கறையும் எழுத்தும் பிரிந்து தெரியும். நான் செலோரேப் போட்டு ஒட்டியிருந்த 20 நறுக்குகளில் பசை ஊறி எழுத்தே மறைந்திருந்தது. அதற்கு அவர்களால் எதுவும் செய்ய முடியவில்லை. இதை வாசிப்பவர்கள் இனியாவது செலோரேப்பைத் தாளில் தொட விடாதீர்கள்.

முழுப் பத்திரிகைப் பக்கங்களில்தான் கடையின் வசதிக் குறைவு தெரிகிறது. அவர்களிடம் இருப்பது ஏ3 ஸ்கானர். பெரிய பக்கத்தை இரண்டு தடவையாக எடுத்து மென்பொருளில் இணைக்கிறார்கள். 34 பக்கங்களில் 9இல் இணைப்பு வரி சரிந்து, நடுவிலுள்ள பத்தியின் எழுத்துகள் இரட்டித்து நின்றன. சுட்டிக்காட்டியபோது 6ஐத் திரும்பச் செய்து தந்தார்கள். மற்ற மூன்றும் மடிப்பிலேயே கிழிந்தவை, அவற்றை விட்டுவிடச் சொன்னேன்.

எழுத்துணரி மென்பொருளால் நறுக்குகளிலுள்ள எழுத்தைத் தேடக்கூடிய வடிவத்துக்கு மாற்றித் தருவதாகவும் சொல்கிறார்கள். இதில் எனக்கு முழுத் திருப்தியில்லை. 2002க்குப் பிந்திய, கணினியில் வடிவமைக்கப்பட்ட பக்கங்களில் நன்றாகவே வேலை செய்கிறது. அதற்கு முந்திய, ஈய எழுத்துக் கோத்து அச்சான பக்கங்களில் யானைத் துதிக்கைபோல மேலே வளைந்த பழைய வடிவ லை, ளை, னை ஆகியவை வருகின்றன. தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்தோடு அவ்வடிவங்கள் வழக்கொழியத் தொடங்கினாலும் எங்கள் அச்சகங்களில் இருந்தவை பழைய எழுத்துகளே. மென்பொருள் அவற்றைக் கண்டால் தடுமாறி எதையாவது எழுதிவிடுகிறது. காலும் ரகரமும் அச்சில் ஒன்றுபோல இருப்பதால் ஒவ்வொரு வரியிலும் இரண்டு மூன்று சொல் பிழையாகிறது. 120 பக்கங்களைக் கையால் திருத்தித் தரும்படி கேட்டுக் காசு கொடுத்தேன். திருத்தியவர் வன்னிச் சொற்களை அறிந்தவராக இருந்ததால் ‘அரிவு’ என்பதை ‘அறிவு’ என்று மாற்றாமல் விட்டிருந்தார். மற்றவற்றைத் திருத்தாமலே விட்டிருக்கிறேன். படம் இருக்கும்வரை எழுத்தைப் பிறகு திருத்தலாம்.

நெகிழ்தட்டுகள் 9இல் இரண்டுதான் திறந்தன. அவற்றிலிருந்த 14 கட்டுரைகளும் பாமினியில் இருந்தன. எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குவியலாகத்தான் தெரியும். பாமினியில் தமிழ் எழுத்துக்கென்று தனியான குறியீடு கிடையாது. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதை ஒருங்குறிக்கு (யுனிகோட்) மாற்றும் வேலையை நிமிடங்களில் முடித்துத் தந்தார்கள். ஆனால் ஒரு விடயத்தை நானே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியிருந்தது. தட்டச்சுப் பொறியின் வழக்கத்தைப் பின்பற்றி, பாமினியில் ஔகார உயிர்மெய்யை எழுத ஒற்றைக் கொம்பும் ளகரமும் போடுவோம். மாற்றும் மென்பொருள் அது ஔகாரமா, கொம்பு போட்ட எழுத்துக்குப் பின்னால் வரும் ளகரமா என்று அறியாது. ஆகவே ‘மௌனம்’ என்று நான் எழுதியது ‘மெளனம்’ ஆகவும், ‘கௌரவம்’ ‘கெளரவம்’ ஆகவும் மாறியிருந்தன. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், தேடினால் கிடைக்காது. ஒருங்குறிக்கு மாற்றிய எதையும் வாங்கும்போது இந்த ஓர் எழுத்தையாவது தேடிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். அடுத்தமுறை போனபோது, அந்தத் தம்பி அதற்கென ஒரு சொற்பட்டியல் தயாரித்து வைத்திருந்தார்.

கசற் வேலையைப் பற்றித்தான் மிகவும் விரும்பி எழுதுகிறேன். 13இல் 11ஐ எடுத்துத் தந்தார்கள். ஒவ்வொன்றையும் தம்பி முதலில் ஒரு தடவை முன்னும் பின்னும் சுற்றித் தளர்த்துகிறார். நாடாவை அழுத்திப் பிடிக்கும் சிறிய பஞ்சு விழுந்திருந்தால், வேறொரு வெற்றுக் கசற்றிலிருந்து எடுத்துப் பொருத்துகிறார். கருவியின் தலைப்பகுதியை ஒவ்வொரு நாடாவுக்கும் துடைக்கிறார். சுருக்கப்படாத வேவ் கோப்பாகவும், கேட்பதற்கு எம்பி3 ஆகவும் இரண்டு பிரதி தருகிறார். குறுவட்டுத் தரத்தில் ஒரு மணித்தியால ஒலிப்பதிவு ஏறத்தாழ 635 மெகாபைட் வரும். வேவ் பிரதியில் இரைச்சலைக் குறைக்கவோ எதையும் வெட்டவோ கூடாது என்பது அவருடைய கொள்கை. அதை நான் கேட்காமலே அவர் சொன்னார்.

1997ஆம் ஆண்டு முள்ளியவளையில் ஒரு மூத்த அண்ணாவியார் எனக்காகப் பாடிய கோவலன் கூத்துப் பாடல்கள் இரண்டு கசற்றுகளில் இருந்தன. அந்த நாள்களில் புதிய பற்றரி கிடைக்காது. பழையவற்றை வெயிலில் காயவைத்துத் திரும்பத் திரும்பப் பாவிப்போம். அந்தக் கசற்றைப் போட்டபோது அண்ணாவியாரின் குரல் சிறுவனின் குரல்போல மேலேறி, தாளமும் விரைந்து ஓடியது. கசற் பழுதாகிவிட்டது என்று நினைத்துக் கண்கலங்கிவிட்டேன். தம்பி காரணத்தைச் சொன்னார்: பதிவு செய்தபோது பற்றரி வலுவிழந்து கருவி மெதுவாகச் சுழன்றிருக்கிறது; இப்போது சரியான வேகத்தில் ஓடும் கருவியில் போடும்போது குரல் விரைவாகிறது. அதே அண்ணாவியாரை 2003இல் நல்ல பற்றரியோடு பதிவு செய்த இன்னொரு கசற் இருந்தது. அதிலுள்ள அதே வரவுப் பாட்டின் சுருதியை வைத்துப் பழையதன் வேகத்தை இறக்கினார். பற்றரி போகப் போக மேலும் வலுவிழந்ததால், பக்கத்தின் தொடக்கத்துக்கு ஓர் அளவும் முடிவுக்கு வேறோர் அளவும் வைக்க வேண்டியிருந்தது. அதைத் துண்டு துண்டாகப் பிரித்து இரண்டு நாள் இருந்து செய்தார். துண்டுகள் சேரும் இடத்தில் சுருதி சிறிது வழுக்குகிறது. கவனித்துக் கேட்டால் தெரியும். ஆனால் அது அவருடைய குரல்தான். பாட்டின் நடுவே மத்தளம் நின்று, “பிள்ளை, கொஞ்சம் தண்ணி தா” என்று அவர் கேட்பதும், என் காலடிச் சத்தம் தூரப் போய்த் திரும்பி வருவதும், செம்பை நிலத்தில் வைப்பதும் அப்படியே இருக்கின்றன. கேட்பதற்கான பிரதியில் அந்த இடத்தை வெட்டவா என்று தம்பி கேட்டார். வேண்டாம் என்றேன். அண்ணாவியாரின் வீடு இருந்த வளவில் இப்போது அந்தக் கிணறு மட்டும்தான் இருக்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். 6 கிழமையில் முடியும் என்றது 11 கிழமையாயிற்று. பரீட்சை விண்ணப்பக் காலம் வந்தால் பின்னறை வேலை நின்றுவிடும் என்பதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். முதற்தொகுதிப் பிடிஎஃப் கோப்புகளின் மூலையில் கடையின் பெயரும் தொலைபேசி இலக்கமும் நீர்க்குறியாகப் போட்டிருந்தார்கள். அது எழுத்தின்மேல் விழுந்திருந்தது. நீக்கச் சொன்னதும் நீக்கினார்கள். பாரதூரமானது இனிச் சொல்வது. என்னுடைய வன்தட்டின் ஒரு கோப்புறைக்குள், யாரோ ஒருவருடைய காணி உறுதியின் 4 பக்கங்கள் தவறுதலாக வந்து சேர்ந்திருந்தன. எங்கள் பகுதியில் காணிப் பத்திரம் என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. இடப்பெயர்வில் அதைத் தொலைத்தவர்கள் இன்றும் அலுவலகப் படியேறிக்கொண்டிருக்கிறார்கள். உடனே போய் உரிமையாளருக்குக் காட்டி, அவருக்கு முன்னாலேயே அழித்தேன். அவர் அதிர்ந்துபோனார். முன்பக்க வேலைக்கும் பின்னறை வேலைக்கும் ஒரே கணினியைப் பாவித்ததால் நடந்த தவறு அது. இப்போது பின்னறைக்கு வேறொரு கணினி இருப்பதைக் கண்டேன். அப்படியிருந்தும், கோப்புகளைப் பெற்றதும் கடையின் கணினியிலுள்ள உங்கள் பிரதியை என்ன செய்கிறார்கள் என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். சாட்சியங்கள், தனிப்பட்ட கடிதங்கள் போன்றவற்றை அங்கே விட்டுவிட்டு வராமல், பக்கத்தில் இருந்தே ஸ்கான் செய்விப்பது நல்லது.

செலவு: நறுக்கு ஒன்றுக்கு 25 ரூபாப்படி 16,000, பெரிய பக்கம் ஒன்றுக்கு 80 ரூபாப்படி 2,720, கசற் ஒன்றுக்கு 700 ரூபாப்படி 7,700, கையால் திருத்திய 120 பக்கங்களுக்கு 7,200. எல்லாமாக 33,620 ரூபா. நெகிழ்தட்டுக்கும் பாமினி மாற்றத்துக்கும் பணம் வாங்கவில்லை. கிளிநொச்சியில் சம்பளமில்லாமல் எழுதும் ஒருவருக்கு இது சிறிய தொகையில்லை. நான் மூன்று தவணையாகக் கொடுத்தேன், அதற்கு அவர்கள் முகம் சுழிக்கவில்லை. கசற் ஒன்றுக்கு அந்தத் தம்பி செலவிடும் நேரத்தைப் பார்த்தால் 700 ரூபா குறைவென்றே சொல்வேன்.

வன்தட்டு ஒன்று என் வீட்டிலும், அதன் பிரதி வவுனியாவிலுள்ள தங்கையின் வீட்டிலும் இருக்கின்றன. பதிப்புரிமை என்னிடம் உள்ள கட்டுரைகளின் பிரதியை நூலக நிறுவனத்துக்குக் கொடுப்பதற்கு எழுதியிருக்கிறேன். 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமப்படுத்தி யாரும் இலவசமாக வாசிக்கும்படி இணையத்தில் வைத்துவருபவர்கள் அவர்கள். கடையில் நிரப்பிய 7 கட்டப் படிவம் அந்த வேலைக்கும் உதவியது; ஒவ்வொரு கோப்பிலும் என்ன இருக்கிறது என்று கேட்டால் பட்டியலை அப்படியே அனுப்பலாம். ஊர், பாடியவர், நாள் என்ற விவரம் இல்லாமல் 640 படங்களை மட்டும் கொண்டுபோயிருந்தால், வாங்குபவர்களுக்கும் அது இன்னொரு ரங்குப்பெட்டியாகத்தான் இருந்திருக்கும்.

போக விரும்புபவர்கள் காலையில் 9 மணிக்கு முன்னதாகப் போங்கள். பாடசாலைப் பிள்ளைகள் வரத் தொடங்கினால் உரிமையாளரோடு பேச முடியாது. நறுக்குகளை ஊர்வாரியாகவோ ஆண்டுவாரியாகவோ முதலே பிரித்து வைத்தால் உங்கள் நேரமும் அவர்கள் நேரமும் மிஞ்சும். வீடியோக் கசற்றுகளையும் படச்சுருள் நெகற்றிவ்களையும் அவர்கள் எடுப்பதில்லை; யாழ்ப்பாணத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். என்னுடைய 2 கசற்றுகள் இன்னும் அங்கேயே இருக்கின்றன. நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருப்பதால், துடைக்காமல் ஓட்டினால் கருவியும் நாடாவும் இரண்டும் பழுதாகும் என்று தம்பி தொடாமல் வைத்திருக்கிறார். ஒன்றில் 1999ஆம் ஆண்டு ஒட்டுசுட்டானில் பதிந்த அரிவுவெட்டுப் பாட்டு இருக்கிறது. மற்றதன் மேல் நான் எதுவுமே எழுதி வைக்கவில்லை.